டானம் பள்ளத்தாக்கில் பத்து வாரக் கள ஆய்வு: எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது?

சிறுத்தைப்பூனை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கிலாந்தில் முதுகலை மாணவி. ஜூன் நடுவில் தொடங்கிப் பத்து வாரம் போர்னியோவில், சபா மாநிலத்தின் டானம் பள்ளத்தாக்குக் கள நிலையத்தில் ஆய்வு. இப்போதைய திட்டம்: 20 கேமரா ட்ராப் (விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) வைத்து சுந்தா படைச்சிறுத்தையின் அடர்த்தியைக் கணக்கிடுவது. கூடவே கிப்பன் குரங்குகளுக்காக ஆறு ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவிகள். நேரம் இருந்தால் உராங்குட்டான் கூடுகளையும் எண்ணலாம் என்கிறார் வழிகாட்டி.

கேமரா எண்ணிக்கை போதுமா? அனுமதிக்கு எவ்வளவு நாள் ஒதுக்க வேண்டும்? ஈரத்தில் கருவிகளை எப்படிக் காப்பாற்றுவது? அட்டை, காய்ச்சல் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருவாச்சி

முதலில் அனுமதி. கேமரா வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

வெளிநாட்டிலிருந்து வந்து சபாவில் ஆய்வு செய்ய சபா பல்லுயிர் மையத்தின் அணுகல் உரிமம் வேண்டும். 2000ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வருவது அது. விண்ணப்பத்தில் உள்ளூர்க் கூட்டாய்வாளர் ஒருவர் இருக்க வேண்டும். பெயருக்குக் கையெழுத்துப் போடுபவராக இல்லாமல், உங்கள் கேள்வியில் அக்கறை உள்ளவராகத் தேடுங்கள். டானத்துக்கென்று தனியாக அதன் மேலாண்மைக் குழுவின் ஒப்புதல். விலங்கைப் பிடிப்பது, வலை கட்டுவது என்றால் வனவிலங்குத் துறை வேறு. இவை ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும். அதனால் ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஜூனில் போக வேண்டுமென்றால் டிசம்பரில் தாள்கள் போயிருக்க வேண்டும்.

குடியேற்றத்திலும் கவனம். சபா தன் குடியேற்ற அதிகாரத்தைத் தானே வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் சபா தலைநகர் கோத்தா கினபாலுவில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு விசா தேவையில்லை. அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு. ஆய்வுக்கு உரிய பாஸைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்து கேமரா கட்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, உங்களுக்காகப் பெயர் கொடுத்த உள்ளூர்க்காரரும்தான்.

இலை, முடி, சாணம், ரத்தம், எதுவானாலும் மாநிலத்தை விட்டு வெளியே போக ஏற்றுமதி உரிமம் வேண்டும். பத்து வாரத் திட்டத்தில் அதை நம்பி இருக்காதீர்கள். படமும் ஒலியும் அளவீடுமாகவே தரவு இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் இன்னொரு பொறி. 2013இல் லஹாட் டத்துவில் ஆயுதக் குழு ஊடுருவியதற்குப் பிறகு கிழக்கு சபாக் கரையோரம் தனிப் பாதுகாப்பு மண்டலமாக இருக்கிறது. டானம் உள்நாட்டில், கடற்கரையிலிருந்து தள்ளி இருந்தாலும் நீங்கள் இறங்குவது அதே லஹாட் டத்துவில். உங்கள் பல்கலையின் காப்பீடு ‘பயண எச்சரிக்கை உள்ள பகுதிக்குப் பொருந்தாது’ என்று சொல்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தேவாங்கு

படைச்சிறுத்தை அடர்த்தி பத்து வாரத்தில் வராது. கணக்கைப் பாருங்கள்.

அடர்த்தி வேண்டுமென்றால் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும். உடம்பில் இருக்கும் மேகத் திட்டுகள் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் படம் வர ஒரு நிலையத்தில் எதிரெதிராக இரண்டு கேமரா வேண்டும். ஆக, உங்கள் 20 கேமரா 10 நிலையமாகச் சுருங்கிவிட்டது. பத்து வாரம் என்றால் 70 நாள். கட்டுவதற்கு ஒன்றரை வாரம், கழற்ற ஒரு வாரம், மழையில் போனது, பழுதானது எல்லாம் போக 50 இரவு மிஞ்சினால் பெரிது. 10 நிலையம், 50 இரவு: 500 நிலைய-இரவுகள். இவ்வளவு அரிதான பூனைக்கு அதில் ஒன்றிரண்டு படம் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். அடர்த்திக் கணக்குக்கோ ஒரே விலங்கு வெவ்வேறு நிலையங்களில் திரும்பத் திரும்பப் படமாக வேண்டும்.

கேள்வியை மாற்றுங்கள். டானம் பாதுகாப்புப் பகுதி 438 சதுர கி.மீ., மரம் வெட்டாத தாழ்நிலக் காடு. சுற்றிலும் வெவ்வேறு காலத்தில் வெட்டப்பட்டு மீண்டுவரும் காடு. உலகில் பல இடங்களில் கிடைக்காத ஒப்பீடு இங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கிறது. அடிக்கடி படமாகும் விலங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: சருகுமான், கேளையாடு, முள்ளம்பன்றி, பன்றிவால் குரங்கு, புனுகுப்பூனை வகைகள். ‘வெட்டிய காட்டில் கேளையாடு நேரத்தை மாற்றிக்கொள்கிறதா?’ இந்த மாதிரி ஒரு கேள்விக்கு 20 கேமராவை ஒற்றை ஒற்றையாக 20 இடத்தில் வைத்து 1000 இரவு சேர்த்தால் விடை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. படைச்சிறுத்தை வந்தால் வரட்டும், அது உபரி.

ஒரு எச்சரிக்கை. பழைய இனப்பட்டியலை நம்பிக் கேள்வி எழுதாதீர்கள். தாடிப்பன்றி இங்கே மிகச் சாதாரணம் என்று எல்லாப் பழைய கட்டுரையிலும் இருக்கும். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவுக்குள் வந்து கூட்டங்கூட்டமாகக் கொன்றது. சுமத்ரா காண்டாமிருகமும் பட்டியலில் இருக்கும். டானத்தில் 2014இல் பிடிக்கப்பட்ட ஈமான் என்ற பெண் காண்டாமிருகம்தான் மலேசியாவின் கடைசி. 2019 நவம்பரில் இறந்தது.

சிறுத்தைப்பூனை

பயனுள்ள அடி, நன்றி. அப்படியானால் கேமராவை எங்கே வைப்பது? விலங்குத் தடத்திலா, வரைபடத்தில் சீரற்ற புள்ளி போட்டா?

தேவாங்கு

சீரற்ற புள்ளிதான். தடத்தில் வைத்தால் தடத்தில் நடக்கும் விலங்குகளே வரும். பெரிய பூனைகளும் யானையும் தடத்தை விரும்பும், சருகுமான் விரும்பாது. வெட்டிய காட்டில் பழைய லாரிப் பாதைகள் ஏராளம், வெட்டாத காட்டில் இல்லை. இரண்டிலும் தடத்தில் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் அளந்தது காட்டை அல்ல, பாதையை.

இருவாச்சி

கொள்கையளவில் சரி, ஆனால் முழுக்க ஒப்பமாட்டேன். சீரற்ற புள்ளி மூங்கில் புதரின் நடுவிலோ 45 பாகைச் சரிவிலோ விழும். அங்கே 50 இரவில் மூன்று படம் வரும், மூன்றும் எலி. வரைபடத்தில் ஒரு கி.மீ. இடைவெளியில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஜி.பி.எஸ். வைத்துப் போங்கள். அங்கிருந்து 25 மீட்டருக்குள் கேமரா பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். தடமா, திறந்த இடமா, சரிவா என்று ஒவ்வொரு இடத்துக்கும் குறித்துவையுங்கள். பிறகு பகுப்பாய்வில் அதை ஒரு மாறியாகச் சேர்க்கலாம். இரண்டு காட்டிலும் ஒரே விதியைப் பின்பற்றுவது முக்கியம். ஒன்றில் தடம், மற்றதில் புதர் என்று ஆனால் எல்லாம் வீண்.

தேவாங்கு

25 மீட்டர் விதிக்குச் சம்மதம். எழுதிவைத்து, மாற்றாமல் பின்பற்றினால் போதும்.

இருவாச்சி

ஒரு கேமராவைக் கட்டும் முறையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

கையளவு, தொடையளவு பருமனுள்ள மரம். மிக மெல்லியதானால் காற்றில் ஆடி ஆயிரம் வெற்றுப் படம். பெட்டியின் நடு தரையிலிருந்து 40 செ.மீ. பெரிய விலங்கை நினைத்து இடுப்புயரத்தில் கட்டினால் சருகுமான் கீழே நடந்து போய்விடும். லென்ஸிலிருந்து விலங்கு கடக்கும் இடம் வரை 3 மீட்டர். அந்த மூன்று மீட்டருக்குள் தொங்கும் இலை, பெரணி, மடங்கி நிற்கும் புல் எல்லாவற்றையும் கையால் ஒடித்துவிடுங்கள். இஞ்சிச் செடி ஒன்றை விட்டுவைத்தால் இரண்டு வாரத்தில் அதன் புது இலை லென்ஸ் முன் வந்து நிற்கும். நடுப்பகல் வெயில் திட்டு இலைமேல் ஆடும்போதெல்லாம் படம் எடுத்து எடுத்து கார்டு நிரம்பும்.

சரிவில் கேமராவைத் தரைக்கு இணையாகச் சாய்க்க வேண்டும். பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகினால் போதும். பிறகு சோதனை: ஒருவர் குனிந்து, முழங்கால் உயரத்தில், ஐந்து மீட்டர் தொலைவில் குறுக்கே போக வேண்டும். கேமராவின் சோதனை விளக்கு எங்கெங்கே எரிகிறது என்று பாருங்கள். நிமிர்ந்து நடந்து சோதிப்பது தப்பு; உங்கள் மார்பு உயரத்தை அது பிடித்துவிடும், கேளையாட்டின் முதுகைப் பிடிக்குமா என்று தெரியாது.

கேமராவின் உணரி பார்ப்பது விலங்கின் உடல் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை. நண்பகலில் காட்டுக்குள்ளேயே 31, 32 பாகை என்றால் வேறுபாடு குறைந்து சிறிய விலங்குகள் தப்பும். பகல் படங்கள் குறைவாக வந்தால் ‘இந்த விலங்கு பகலில் நடமாடுவதில்லை’ என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு வெள்ளைப் பலகையில் நிலைய எண், தேதி, கைக்கடிகார நேரம் எழுதி கேமரா முன் காட்டிப் படம் எடுங்கள். கழற்றும்போதும் அப்படியே. கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருந்தால் சபாவைவிட இரண்டரை மணி பின்னால் ஓடும். அந்தி விலங்கு பிற்பகல் விலங்காக மாறிவிடும். பலகைப் படம் இருந்தால் எல்லா நேரத்தையும் திருத்திவிடலாம். இல்லாவிட்டால் நேரம் சார்ந்த ஆய்வு முழுவதும் போச்சு.

ஈரஇலை

ஈரத்தைப் பற்றி நான். டானத்தில் வருடத்துக்குச் சுமார் 2,800 மி.மீ. மழை. உறுதியாக நம்பக்கூடிய வறண்ட மாதம் என்று ஒன்றில்லை. ஆனால் கருவியைக் கெடுப்பது மழையைவிட, கதவைத் திறக்கும் ஒரு நிமிடத்தில் உள்ளே போகும் காற்று. வியர்வை சொட்டும் கையோடு கேமராவைத் திறந்து கார்டை மாற்றுவீர்கள். அந்த ஈரம் உள்ளேயே பூட்டப்பட்டு, இரவில் குளிர்ந்து லென்ஸின் உட்புறம் பனிக்கும்.

அதனால் ஒவ்வொரு கேமராவிலும் 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற. நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சையானால் ஈரம் குடித்து முடித்தது. 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். துணிப் பொட்டலமானால் மணியைக் கொட்டி உலோகத் தட்டில் காயவையுங்கள். திறப்பதற்கு முன் கையையும் பெட்டியின் விளிம்பையும் உலர்ந்த துண்டால் துடைக்கும் பழக்கம் வேண்டும். விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள், ஒரு முடி சிக்கினாலும் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். எறும்பும் அதே வழியாக வந்து முட்டை வைக்கும். திறந்ததும் வெள்ளை முட்டைக் குவியல் கொட்டினால் துலக்கிவிட்டு வளையத்தை மாற்றுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வாசனை விலங்குக்குத் தெரியும்.

பேட்டரி: சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை 1.2 வோல்ட், லித்தியம் 1.5. சில கேமராக்களில் 1.2 வோல்ட்டுக்கு இரவு அகச்சிவப்பு விளக்கு மங்கிவிடும், பகலில் எல்லாம் சரியாகத் தெரியும். அதனால் ஊரிலேயே இருட்டில் சோதித்துப் பாருங்கள். உதிரி லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும்.

யானை இருக்கும் இடத்தில் இரும்புப் பெட்டி போட்டாலும் இழுத்துப் போட்டுவிடும். தேன்கரடி கடித்துப் பார்க்கும். பத்துக்கு ஒன்று போகும் என்று வைத்துக்கொண்டு 22 கேமரா கொண்டுபோங்கள், 20க்குத் திட்டமிடுங்கள்.

பால்மரம்

மலேசியாவிலிருந்து. விலையுயர்ந்த மலையேற்ற பூட்ஸ் வேண்டாங்க. தோலும் துணியும் உள்ள பூட்ஸ் முதல் நாள் நனைஞ்சா பத்து வாரமும் காயாது, பத்தாவது நாள் அடிப்பாகம் பிரிஞ்சு வாயைத் திறக்கும். எங்க தோட்டப்புறத்துல பால்மரம் சீவுறவங்க போடுற கறுப்பு ரப்பர் ஷூ இருக்கு, ‘அடிடாஸ் கம்போங்’னு கேளுங்க. முழுசா ஒரே ரப்பர் வார்ப்பு, அடியில முட்டு முட்டா பிடிமானம். களிமண் சரிவுல அது பிடிக்கிற மாதிரி வேற எதுவும் பிடிக்காது. ஆத்துல இறங்கி ஏறினா தண்ணியைக் கொட்டிட்டு நடக்கலாம். விலை கொஞ்ச ரிங்கிட்தான், ரெண்டு ஜோடி வாங்குங்க. பெரிய பாதக்காரங்களுக்கு அளவு கிடைக்கிறது சிரமம். கோத்தா கினபாலுவுலயே தேடிடுங்க. உள்ளே தண்டை வரைக்கும் கெட்டியான காலுறை போடலேன்னா ரப்பர் உரசி குதிகால் புண்ணாகும்.

ஷூவுக்குள்ள முழங்கால் வரைக்கும் அட்டைக் காலுறை. கால்சட்டைக்கு மேலே இழுத்து முழங்காலுக்குக் கீழே கட்டணும். நெருக்கமா நெய்த துணியா இருக்கணும். பின்னல் காலுறைன்னா கண்ணி வழியா அட்டை கடிக்கும். வெளிர் நிறம் நல்லது, ஏறுறது கண்ணுக்குத் தெரியும். கள உதவியாளர்கள் ‘பச்சாட்’னு சொல்வாங்க, அது தரை அட்டை.

அந்த உதவியாளர்களைப் பத்தியும் ஒண்ணு. நிலையத்துல பல வருஷமா மரம் அடையாளம் சொல்றவங்க இருக்காங்க. அவங்க ஒரு நாள் கூலி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் பட்ஜெட்ல முதல் வரியா இருக்கணும், கடைசியில மிஞ்சினதுலே இல்ல. கட்டுரையில பேரும் வரணும். தரவு அவங்க கண்ணாலதான் வருது.

சிங்கராஜவனம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள சிங்கராஜா மழைக்காட்டில் நடந்த கால்களுக்கு அட்டை புதிதல்ல, என்றாலும் போர்னியோவில் இரண்டு வகையையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கோ. பழுப்பு அட்டை தரையிலிருந்து ஏறும், கடிப்பது தெரியாது. பக்கவாட்டில் மஞ்சள் கோடு போட்ட புலி அட்டை இலைமேல் இடுப்பு, மார்பு உயரத்தில் நின்று காத்திருக்கும். கடித்தால் சுரீர் என்று இருக்கும். ஆகவே சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகுவது கட்டாயம்.

பிடித்துவிட்டால் உப்பு, நெருப்பு, மருந்து எதுவும் வேண்டாம். வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துத் தோலோடு பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உடனே பின்முனையையும் தள்ளுங்கோ. இரத்தம் உறையவிடாத பொருள் உள்ளே போயிருப்பதால் நீண்ட நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. சவர்க்காரத்தால் கழுவி, அழுத்திக் கட்டுங்கோ. சொறிவதால்தான் புண் பழுக்கிறது.

அட்டையைவிட எலிக்காய்ச்சலுக்குப் பயப்படுங்கோ. டானம் நிலையத்தை ஒட்டி ஓடும் செகாமா ஆறு இந்த விடயத்தில் பெயர்போனது. 2000 ஆகஸ்டில் சபாவில் ஒரு பன்னாட்டு சாகசப் போட்டி நடந்தது, 304 வீரர்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள். செகாமாவில் நீந்தியது முக்கிய காரணியாகத் தெரிந்தது. முன்கூட்டி டொக்சிசைக்ளின் எடுத்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. ஆற்றில் குளிக்கும் ஆசை வேண்டாம், திறந்த புண்ணோடு இறங்கவே வேண்டாம். டொக்சிசைக்ளின் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கோ. அது வெயிலில் தோலைச் சிவக்கவைக்கும், வெறும் வயிற்றில் குடலைப் புரட்டும்.

அடுத்தது குரங்கு மலேரியா, நோல்சி. நீள்வால், பன்றிவால் குரங்குகளிலிருந்து நுளம்பு (கொசு) வழியாக மனிதருக்கு வருவது. சபாவில் இன்றைக்கும் மலேரியா என்றால் பெரும்பாலும் இதுதான். ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் ‘இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது. நுண்ணோக்கியில் வேறு வகை மலேரியாபோலத் தோன்றி ஏமாற்றும். அந்தியிலிருந்து நீளக் கை, நீளக் கால்சட்டை, நுளம்புத் தைலம்.

வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்ல வேண்டியது: “சபா மழைக்காட்டில் இருந்தேன், ஆற்றுத் தண்ணீர் பட்டது, குரங்குகள் இருந்த இடம்.” இங்கிலாந்திலோ சென்னையிலோ நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு நோல்சி நினைவுக்கு வராது.

தேவாங்கு

பாம்பு, யானை பற்றித்தான் வீட்டில் பயப்படுவார்கள். உண்மையில் ஆபத்து வரும் வரிசை வேறு: மேலிருந்து விழும் கிளை, லஹாட் டத்துவிலிருந்து வரும் சரளைச் சாலை, திடீரென ஏறும் ஆறு. காற்று கிளம்பி மரங்களின் மேல்தட்டு இரையத் தொடங்கினால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள், கருவியை எடுக்க நிற்காதீர்கள். இங்கே மழை இல்லாமலே ஓடை ஏறும், மேலே பெய்திருக்கும். காலையில் கணுக்காலளவு கடந்த ஓடை மாலையில் இடுப்பளவு என்றால் கடக்காமல் காத்திருங்கள். அதற்காகத்தான் பையில் எப்போதும் ஒரு வேளை உணவு, தலைவிளக்கு இரண்டு, விசில். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நிலையப் பலகையில் எழுதாமல் யாரும் போகக் கூடாது.

ஜி.பி.எஸ்.ஸையும் முழுக்க நம்பாதீர்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட 100.8 மீட்டர் உயர மஞ்சள் மெராந்தி மரம் நிற்பது இதே பள்ளத்தாக்கில்தான். அப்படிப்பட்ட மரக் கூரையின் கீழே, பள்ளத்தில், பத்துப் பதினைந்து மீட்டர் தவறுவது சாதாரணம். கேமரா இடத்தில் ஐந்து நிமிடம் நின்று சராசரிப் புள்ளி எடுங்கள். கூடவே கடைசி 50 மீட்டருக்கு வண்ண நாடா, திசைகாட்டி அளவு, ஒரு கைவரைபடம். கழற்றும்போது நாடாவையும் கழற்றிக்கொண்டு வாருங்கள்.

சிறுத்தைப்பூனை

ஆடியோமாத் அமைப்பு பற்றியும், கூடு எண்ணுவது பற்றியும் யாராவது?

ஈரஇலை

கிப்பன் பாட்டுக்கு 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) போதும். அவற்றின் குரல் பெரும்பாலும் இரண்டு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான். நிமிடத்துக்கு 1.92 மெகாபைட். காலை 5 முதல் 9 வரை நான்கு மணி நேரம் என்றால் நாளுக்கு 461 மெகாபைட், 60 நாளுக்கு 27.6 ஜிகாபைட். 32 கார்டு நுனியில் நிற்கும், 64 போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் எல்லாம் மூன்று மடங்கு, கிப்பனுக்கு எந்தப் பயனும் இல்லை.

இரண்டு பொறிகள். ஒன்று, கருவி இயல்பாக உலகப் பொது நேரத்தில் ஓடும். சபா அதைவிட எட்டு மணி முன்னால். அதாவது காலை 5 முதல் 9 என்பது அதற்கு இரவு 21 முதல் 01. நள்ளிரவைத் தாண்டுவதால் கோப்புத் தேதி ஒரே காலையில் இரண்டாகப் பிரியும். பகுப்பாய்வுக்கு முன் எல்லாவற்றுக்கும் எட்டு மணி கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு, பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் அழிந்துவிடும். புது பேட்டரி போட்டு நேரம் வைக்காமல் மரத்தில் கட்டிவிட்டு வந்தால் மூன்று வாரம் கழித்துக் கார்டு காலி. போனில் உள்ள ஒலிச் செயலியால் காட்டிலேயே நேரம் வைக்கலாம். வைத்த பிறகு விளக்கு எப்படி மின்னுகிறது என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

கருவியை முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்து ஒலிவாங்கித் துளையை மூடினால் மழைச் சத்தம் பையில் பறையடிக்கும். உரிய உறையில் போட்டு, துளை கீழ்நோக்கி, முகட்டில் இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். பள்ளத்தில் வைத்தால் ஓடைச் சத்தம் மட்டுமே. முந்தைய இரவு மழை பெய்தால் கிப்பன் பாடுவது குறையும் அல்லது தள்ளிப்போகும், அதனால் ஒவ்வொரு நாளும் மழையளவு குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘வெட்டிய காட்டில் குறைவாகப் பாடுகிறது’ என்று நீங்கள் எழுதுவது வெறும் மழையாக இருக்கலாம்.

இருவாச்சி

கூடு எண்ணுவதை விட்டுவிடுங்கள், அல்லது அடர்த்தியாக மாற்றாதீர்கள். உராங்குட்டான் ஏறக்குறைய தினமும் ஒரு கூடு கட்டும். கணக்கு இப்படி: எண்ணிய கூடுகளை, நடந்த நீளம், இருபுறத் தெரிவு அகலம், கூடு கட்டும் விலங்குகளின் விகிதம், நாளுக்கு எத்தனை கூடு, ஒரு கூடு எத்தனை நாள் மரத்தில் நிற்கிறது, இவை எல்லாவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். கடைசி எண்ணில்தான் வம்பு. மரத்தின் வகை, மழை, உயரத்தைப் பொறுத்து அது மாதக்கணக்கில் மாறும். 200 நாள் என்று போட்டால் வரும் விடை, 400 போட்டால் பாதியாகிவிடும். அந்த எண்ணை அதே காட்டில் அளக்க ஒரே கூட்டைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பத்து வாரம் போதாது. வேறு இடத்து எண்ணைக் கடன் வாங்கி அடர்த்தி எழுதினால் தேர்வாளர் முதலில் அங்கேதான் விரல் வைப்பார். கி.மீ.க்கு எத்தனை கூடு என்று மட்டும் சொல்லலாம், அதுவும் இலை பச்சையாக உள்ளது, காய்ந்தது, ஓட்டை விழுந்தது என்று வயதைப் பிரித்துக் குறித்தால்.

நடப்பது மணிக்கு ஒரு கி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது கிளை மறைத்த கூடு பின்னாலிருந்து தெரியும்.

சிறுத்தைப்பூனை

எல்லாருக்கும் நன்றி. வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். மாற்றிய திட்டம்: வெட்டாத காட்டில் 10, வெட்டிய காட்டில் 10 கேமரா, ஒரு கி.மீ. கட்டம், 25 மீட்டர் விதி. கேள்வி கேளையாடும் சருகுமானும் நடமாடும் நேரம். ஆடியோமாத் மூன்று மூன்றாக இரண்டு பக்கமும். கூடு இல்லை. கார்டுகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். தரவை எப்படிக் கொண்டுவருவது?

ஈரஇலை

முதல் முறை மூன்று வாரம் பொறுக்க வேண்டாம். கட்டிய எட்டாவது, ஒன்பதாவது நாளில் எல்லாக் கேமராவையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தப்பாகச் சாய்ந்தது, நேரம் தவறியது, இலை மறைத்தது எல்லாம் அப்போதே தெரிந்துவிடும், இழப்பு ஒரு வாரத்தோடு நிற்கும். அதற்குப் பிறகு மூன்று வாரம் சரி.

கார்டுகள் இரண்டு தொகுதி, நிலைய எண் எழுதி. எடுத்துவந்த கார்டை அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, இரண்டிலும் கோப்பு எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். நிலையத்து இணையத்தில் இத்தனை படம் ஏறாது. ஒரு டிஸ்க் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் நிலையத்தில், மற்றது உங்கள் பையில். திரும்பும்போது இரண்டும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. ஒன்றைக் கூட்டாய்வாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். உரிம நிபந்தனையில் தரவு நகல் கேட்டிருந்தால் அதுவும் அப்போதே முடிந்தது.

பால்மரம்

நாய், கோழி, ஆளுங்க, லாரி எது படத்துல வந்தாலும் அழிச்சிடாதீங்க. வேட்டைக்காரங்க படம் வந்தா நேரா நிலைய மேலாளர்கிட்ட கொடுங்க, இடத்தோட எங்கயும் போடாதீங்க. படைச்சிறுத்தை படம் வந்தாலும் அப்படித்தான். இங்க போடுறதுக்கு முன்னாடி ஜி.பி.எஸ். தகவலை நீக்கிடுங்க.